டிவியில் ஒரு குறையும் இல்லை

எங்கள் வீட்டில் இருந்தது முப்பத்திரண்டு இன்ச் டிவி. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் வாங்கியது. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகும் அதே சுவரில்தான் தொங்கியது. கம்பம் ஊரில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. கருகாத காயிலைப் பிரிக்கக் கூடாது என்பது தொழிலில் என் பிடிவாதம். வீட்டுச் சாமான்கள் விஷயத்திலும் அப்படித்தான் இருந்தேன்.

என் மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். மத்தியானம் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு டிவி முன்னால் உட்காருவாள். அவளுக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான். ஒருநாள் நான் சாப்பிட வந்தபோது சொன்னாள்.

"ஏங்க, படம் மங்கிப்போச்சு. ஆளுக மூஞ்சியெல்லாம் தெளிவா இல்ல."

சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன். திரையை ஈரத்துணியால் துடைத்தேன். செட்டாப் பாக்ஸ் வயரைக் கழற்றி மாட்டினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். செய்தியில் போன லாரியின் நம்பர்கூட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நல்லாத்தான இருக்கு," என்றேன்.

"அப்டியா," என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பக்கத்து ஊரான கூடலூரில் அவள் அக்கா புதுவீடு பால் காய்ச்சினார். அங்கே ஐம்பத்தைந்து இன்ச் டிவி மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் வீட்டைச் சுற்றிப் பார்க்க, என் மனைவி மட்டும் காபி டம்ளரோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது, எஸ்டேட் ஆட்களை இறக்கிவிடும் ஜீப்புகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் நின்றுவிட்டது.

"அக்கா வீட்ல எம்புட்டுப் பெருசா வாங்கியிருக்காக பாத்தீகளா. அங்கன எழுத்தக்கூட வாசிக்க முடியுது."

பெரிசு என்றது காதில் விழுந்தது. எழுத்து என்றது விழவில்லை. அக்கா வீட்டைப் பார்த்து இவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அதற்காகக் கேட்டதை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. விசாரித்துத்தான் முடிவு செய்வேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை. எங்கள் டிவிக்கும் இந்த வருட மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்று கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் போனில் பார்த்தேன். செம்புக் கம்பி வாங்கத் தேனிக்குப் போன நாளில் ஒரு ஷோரூமில் நுழைந்தேன். அங்கிருந்த விற்பனையாளருக்கு என் வயதுதான் இருக்கும். எங்களுடையது போன்ற ஒன்றையும் புது மாடலையும் பொறுமையாகப் போட்டுக் காட்டினார். எட்டடி தள்ளி நின்று மாறி மாறிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து தீர்ப்பு சொன்னேன். "இப்ப வேண்டாம். அடுத்த மாடல் வரட்டும். நம்மகிட்ட இருக்கறதுக்கும் அதுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல."

பார்த்தது என் கண். அவளையும் கூட்டிப்போய் நிறுத்தியிருக்கலாம். அப்போது அது தோன்றவே இல்லை.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பிறகு ஒருநாள் வேறு மாதிரி சொன்னாள்.

"கீழ ஓடுற வரி நேரா போகலங்க. வாய்க்கா மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது."

நான் எழுந்துபோய் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து திரையில் வைத்தேன். எழுத்துகள் ஸ்கேலை ஒட்டி நேராகத்தான் ஓடின. "இங்கன பாரு, எங்க வளையுது?" என்றேன். அவள் சிரித்தாள்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் அப்டித் தெரியுதோ."

"ஆமா, ஒனக்கு மட்டுந்தான்," என்று நானும் சிரித்தேன்.

மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று தோட்டக்காரர் யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் நான் உடனே பிரிக்க மாட்டேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, லைனில் கரண்ட் சரியாக வருகிறதா என்று கேட்பேன். மோட்டாரில் குறை இல்லை என்றால் குறை வேறு எங்கோ இருக்கிறது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் மட்டும், டிவியில் குறை இல்லை என்று தெரிந்ததோடு விசாரணையை முடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் டிவியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். ஆசை அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். முகத்தை வேறு பக்கம் வைத்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டே நாடகத்தைக் கேட்பாள். அரிசியில் கல் பார்த்துத் தரச் சொல்லி முறத்தை என்னிடம் நீட்டினாள். வயசாகிறது இல்லையா என்று நானும் பார்த்துக் கொடுத்தேன். அவளுக்கு ஒன்பது வருடமாகச் சுகர். மாத்திரையைத் தவறவிட்டதில்லை. கண்ணையும் காட்ட வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்கள் கவனிக்கவில்லை.

தீபாவளிக்கு வந்த மகள், அம்மா டிவிக்கு அத்தனை பக்கத்தில் உட்காருவதைப் பார்த்துவிட்டு, "நான் வாங்கித் தரேன்பா, நீங்க பேசாம இருங்க," என்றாள். மூன்று பேரும் தேனிக்குப் போனோம். அதே ஷோரூம், அதே விற்பனையாளர். இருப்பதிலேயே பெரியதைப் போட்டுக் காட்டினார்.

"எப்டிம்மா இருக்கு?" என்றாள் மகள்.

என் மனைவி கை தொடுகிற தூரம்வரை போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பெருசாத்தான் இருக்கு. ஆனா இங்கனயும் நடுவுல புகை போட்ட மாதிரி இருக்கே."

அவர் ரிமோட்டைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "அம்மா, ஒரு கண்ணப் பொத்திட்டுப் பாருங்க," என்றார்.

அவள் வலது கண்ணைப் பொத்தினாள்.

"என்ன தெரியுது?"

"சுத்திச் செவுரு தெரியுது. டிவி தெரியல."

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுகர் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். "எங்கம்மாவுக்கும் இப்டித்தான் சார் இருந்துச்சு. டிவி எங்கயும் போகாது. நாளைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

மதுரையில் கண் டாக்டரம்மா நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். எப்போதிலிருந்து மங்கலாகத் தெரிகிறது என்று கேட்டார்.

"இப்பக் கொஞ்ச நாளாத்தான்," என்றாள் என் மனைவி.

"ஒன்றரை வருஷமா," என்றேன் நான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கூடலூர் வீடு பால் காய்ச்சியதை வைத்து எனக்கு மாதக்கணக்குகூடத் தெரியும்.

சுகரால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது, இடது கண்ணில் தழும்பாகிவிட்டது, வலது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். முன்பே வந்திருந்தால் இரண்டும் தப்பித்திருக்குமா என்று கேட்டேன். "இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள். வலது கண்ணில் பார்வை கொஞ்சம் தெளிந்தது. இடது கண்ணில் நடுப்பார்வை திரும்பவில்லை. கொதிக்கிற பெரிய பாத்திரங்களுக்கு நடுவே இனி தன்னால் வேலை செய்ய முடியாது என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்த நாளில்தான் அழுதாள். கண்ணுக்காக ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை.

ஒருமுறை ஊசி போட்டுவிட்டு ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். "நானும் டிவின்னுதான நெனச்சேன். நீங்க மட்டும் என்னத்தக் கண்டீக."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் அப்படி நினைத்தது தப்பில்லை. ஆனால் மங்கலாகத் தெரிகிறது என்று அவள் சொன்னபோது, இல்லை என்று துணியும் ஸ்கேலும் வைத்து நிரூபித்தவன் நான். அதற்குப் பிறகுதான் அவள் தன் கண்ணில் படுவதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். இதை அவளிடம் சொல்லப் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். நான் தொடங்கினாலே, "விடுங்க," என்பாள்.

பொங்கலுக்கு மகள் பெரிய டிவியாகவே அனுப்பிவிட்டாள். மாட்ட வந்தவர்கள் போனதும் என் மனைவி, வலது கண் டிவிக்கு நேராக வரும்படி நாற்காலியைச் சற்று இடதுபக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"படம் எப்டிங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"ஒனக்கு எப்டித் தெரியுது? அதச் சொல்லு," என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "சேல நிறமெல்லாம் தெரியுது. மூஞ்சிதான் தெளிவாத் தெரியல," என்றாள்.