மூன்று பட்டியலிலும் இருந்த அத்தை

தங்கச்சி கல்யாணத்துக்கு அழைக்க அப்பா, அம்மா, நான் ஆளுக்கொரு பட்டியல் எழுதினோம். மூன்றையும் எக்ஸெல்லில் போட்டு, பொதுவான பெயர்களை எண்ணினேன். பூஜ்யம்.

வராதா பின்னே? அப்பா 'தங்கச்சி' என்றும், அம்மா 'நாத்தனார்' என்றும், நான் 'அத்தை' என்றும் எழுதியிருந்தது ஒரே வடமதுரை அத்தையை.

சரி, அடுத்தவர் பட்டியலிலும் இருப்பவரை அவரவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

இன்று காலை அத்தை போன்.

"அப்பு, ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சிட்டீகளாம்ல. நான் வரணுமா, வேணாமாய்யா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் மூவரும் பத்திரிகைத் தட்டோடு வடமதுரை போகிறோம். யார் முதலில் படியேறுவது என்று மூவரும் அடுத்தவரைக் காட்டுகிறோம்.

எங்க வீடு இருக்கிற நாகல் நகர் பக்கம் யாராவது சும்மா இருந்தால் கூட வாங்க. முன்னால் விடுகிறேன்.