சித்தி கலக்கிய வெள்ளைப் பொடி

எங்கள் வீட்டில் யார் எதை மறைத்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். நாலாவது படிக்கிற வயதில் அதை ஒரு திறமையாகவே வளர்த்து வைத்திருந்தேன். அப்பா மாடியில் சிகரெட் பிடிப்பதை அம்மாவிடம் சொன்னது நான்தான். அம்மா உடைத்த கண்ணாடியைப் பூனை தலையில் கட்டியதை அப்பாவிடம் சொன்னதும் நான்தான். இரண்டு பக்கமும் அடி வாங்கியும் பழக்கம் போகவில்லை.

எங்கள் வீட்டிலேயே இருந்த சித்தப்பா அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்தார். கல்யாணமாகி ஒரு வருடம். சித்தி எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திரா பக்கம். சித்தப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே வயிற்றுவலி உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அது முற்றியது. எங்கள் வீட்டார் பிந்தியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கக்கூசுக்கு ஓடுவார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

அப்பா அவரைப் பொன்னேரிப் பக்கம் தொக்கம் எடுக்கிற ஓர் அம்மாவிடம் கூட்டிப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். அந்த அம்மா சித்தப்பாவின் வயிற்றை நீவி, தொப்புளில் வாய் வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் எதையோ துப்பிக் காட்டினார். கறுப்பாக, முடி சுற்றிய ஒரு உருண்டை.

"யாரோ சோத்துல மருந்து வச்சிக்கிறாங்க. குடல்ல ஒட்டிக்கினு கீது. இது பாதிதான்" என்றார்.

மருந்து வைப்பது என்றால், ஓர் ஆளை மயக்கித் தன் பேச்சைக் கேட்க வைப்பதற்காகச் சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுப்பது. சித்தப்பாவுக்குச் சோறு போடுகிறவள் சித்தி ஒருத்திதான். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருடைய கண்ணும் சித்தியின் கை மேல் இருந்தது. என் கண் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சித்தி ஒரு கவரைக் கத்தரித்து, வெள்ளைப் பொடியைத் தண்ணீர் பாட்டிலில் கொட்டி, குலுக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளர் டம்ளராகக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கக்கூசுக்கு ஓடினார். வந்தார். திரும்ப ஓடினார். எனக்குப் பயமாக இருந்தது. அதே சமயம், பொய் சொல்வானேன், பெருமையாகவும் இருந்தது. நேராக அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அடுத்து நடந்ததை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மா சித்தியின் தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். அப்பா, பெண்களை ஒரு வார்த்தை அதட்டாத அப்பா, சித்தியை அறைந்தார். சித்தியின் துணிகள் தெருவில் வந்து விழுந்தன.

"இன்னாடி கலக்கிக் குட்த்த? சொல்லுடி!" என்று கத்தினார் அப்பா.

"அவரையே கேளுங்க மாமா. நான் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரு" என்றாள் சித்தி. அவ்வளவுதான். அடி வாங்கிக்கொண்டே அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "அண்ணா, நாளைக்கு மெட்ராஸ்ல வயித்துக்கு ஸ்கேன். அதுக்குக் குடலைக் காலி பண்றதுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த பொடி. ரத்தம் போவுதுண்ணா. உங்கையில சொல்ல வெக்கமா இருந்துச்சி" என்றார்.

அப்பா நம்பவில்லை. மருந்து வைக்கப்பட்டவன் பெண்டாட்டி பக்கம்தானே பேசுவான். சித்தப்பா என்ன சொன்னாலும் அதுவே சாட்சியாகிப் போனது. கடைசியில் அப்பாவே ஒரு முடிவுக்கு வந்தார். "ஸ்கேன்ல எல்லாந்தானே தெரியும்? குடல்ல ஒட்டிக்கினு இருந்தா கண்ணால பாத்துட்லாம். அது வரைக்கும் இவ ஊட்டுக்குள்ள வரக் கூடாது."

சித்தி பக்கத்து வீட்டில் படுத்தாள். காலையில் எல்லோரும் ஒரு காரில் கிளம்பினோம். சித்தப்பாவுக்காக வழியில் பெட்ரோல் பங்க் பெட்ரோல் பங்க்காக நின்றோம். பொடியைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு என்னையும் அழைத்துப் போனார்கள். சித்தி முன் சீட்டில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேன் அறை வாசலில் ஒரு நர்ஸ் பெரிய பாட்டிலோடு வந்தார். எங்கள் கண் முன்னாலேயே கவரைக் கத்தரித்தார். வெள்ளைப் பொடியைக் கொட்டிக் குலுக்கினார். "குடல் விரிஞ்சாதான் படம் நல்லா வரும். முக்கால் மணி நேரத்துல மொத்தமும் குடிக்கணும்" என்று சித்தப்பாவிடம் நீட்டினார். அப்பா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

மத்தியானம் டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். சித்தப்பாவின் வயிறு குறுக்காக வெட்டினாற்போல் கறுப்பும் சாம்பலுமாகத் தெரிந்தது. சிறுகுடல் முடிகிற இடத்தில் மட்டும் தடிப்பாக ஒரு வெள்ளைப் பட்டை. அப்பா எழுந்தே விட்டார்.

"தோ, ஒட்டிக்கினு இருக்குது பாருங்க சார்!"

"ஒட்டல. குடலோட சுவரே அதுதான். வீங்கித் தடிச்சிருக்கு. வெளியிலேருந்து யாரும் எதுவும் போடல. அவர் உடம்பே அவர் குடலைத் தாக்குது. ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

சித்தி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது என்ற கணக்கு எனக்கே புரிந்தது. யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் திட்டவில்லை.

சித்தியிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை. அன்று சாயந்திரம் அம்மா தெருவில் போட்ட துணிகளைத் துவைத்து மடித்து அவள் அறையில் வைத்தாள். எங்கள் வீட்டில் மன்னிப்பு அந்த அளவுக்குத்தான் வரும். சித்தப்பாவுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். மெதுவாக உடம்பு தேறியது. பெல்ட்டில் பழைய ஓட்டைக்கே திரும்பினார்.

சித்தியிடம் மட்டும் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. சித்தப்பாவுக்குக் காபியோ, மோரோ, மாத்திரைக்குத் தண்ணீரோ, எது கொடுத்தாலும் கூடத்துக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க, தான் முதலில் ஒரு வாய் குடிப்பாள். விழுங்குவாள். அப்புறம்தான் டம்ளரை அவர் கையில் கொடுப்பாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எச்சில் பண்ணிக் கொடுக்கிற அளவுக்குப் புருஷன்மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டு, அதையும் நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.