மஞ்சள் கோட்டுச் சிப்பி

எந்த வீட்டுக்குப் போனாலும், உட்கார்ந்த மறுநிமிடம் அவர் வலது கை மேசைக்கு அடியில் போய்விடும். விரல் நுனியால் பலகையைத் தடவிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக அவர் மனைவி இதைக் கவனித்து வருகிறாள். முதன்முதலாக அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, காய்ந்துபோன சூயிங்கம் ஒன்றை அடியிலிருந்து பெயர்த்து மேசைமேல் வைத்தார். அதை ஒட்டிவைத்தவன் அவள் அண்ணன். இனி இந்த வீட்டில் எதையும் ஒளிக்க முடியாது என்று அண்ணன் சிரித்தான். அன்றிலிருந்து அவரும் அண்ணனும் நகமும் சதையும்.

அவர் தொழில் அப்படி. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு அடியில் முங்கி, ஒட்டியிருப்பதைச் சுரண்டுகிறவர். பாசியும் சிப்பியும் கல்லாக இறுகிய கொட்டலசும் அப்பிக்கொண்டால் கப்பல் நகர அடம்பிடிக்கும், எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும். மேலிருந்து வரும் காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, இருட்டுத் தண்ணீரில் கையால் தடவித் தடவித்தான் வேலை. அவர் சுரண்டிய அடியில் சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம் என்பார்கள். விரலெல்லாம் கீறலோடு வருவார். அவள் எண்ணெய் தடவிவிடுவாள்.

சுரண்டியது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கடலில் ஒட்டியது, கடலிலேயே விழுந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் சட்டைப்பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து அவளிடம் கொடுத்தார். நகத்தளவுதான். கறுப்பு ஓட்டின் குறுக்கே மஞ்சள் கோடு. எங்கோ தூரத்துக் கடலில் மாதக்கணக்காகச் சும்மா கிடந்து, இழுத்துவரப்பட்ட ஒரு மிதவையின் அடியில் கொத்துக்கொத்தாக இருந்ததாம். புது விருந்தாளி என்றார். அவள் அதை அடுப்படி சன்னலில், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று வருடம் அது அங்கேயே இருந்தது.

அண்ணனுக்குக் கழிமுகச் சேற்றில் புதைந்து கிடக்கும் மட்டிச் சிப்பியைப் பொறுக்கி விற்கிற பிழைப்பு. குனியாமலே, பாதத்தாலேயே மட்டி இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுவான். நீ தலைகீழாகப் பிழைக்கிறாய், நான் காலால் பிழைக்கிறேன் என்று தங்கை புருஷனைச் சீண்டுவான்.

அவன் ஒரு காலையில் வாளியோடு வந்து, அதைத் தரையில் கவிழ்த்தான். கறுப்புச் சிப்பிக் கொத்துகள்.

"சேத்துமேல கம்பளி போத்தின மாதிரி மூடிக் கிடக்கு மாப்ளே. அடியில இருக்கிற மட்டியெல்லாம் மூச்சு முட்டி வாயப் பொளந்து கிடக்கு. உனக்குத் தெரியாத சிப்பியா? இது எங்கிருந்து வந்துச்சு?"

டீ போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு ஓட்டிலும் மஞ்சள் கோடு. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகச் சன்னலுக்குப் போனது, சிப்பியை எடுத்து மூடிக்கொண்டது. அண்ணன் வீட்டில் ஐந்து வயிறு அந்தச் சேற்றை நம்பியிருந்தது. இது அண்ணன் கண்ணில் பட்டால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் நடமாட்டம் இருக்காது.

அவள் புருஷனின் இரண்டு கையும் அன்று மேசைக்கு மேலேயே கிடந்தன. அவர் சன்னலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கையில இருக்கிறதக் குடு."

வாங்கி, அண்ணன் முன்னால் வைத்தார். "நான் சுரண்டிப் போட்டது மச்சான்."

"வேற கப்பல்லயும் வந்திருக்கலாம்ல?" என்றாள் அவள்.

"வந்திருக்கலாம். நான் போட்டதும் போட்டதுதானே."

அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டீ ஆறி ஆடை கட்டியது.

பத்து நாள் கழித்து, தொழில் பேச்சில் ஒருநாளும் வாய் திறக்காதவள் கேட்டாள்: "நான் மீன் செதில் சீவுறப்ப அடியில பேப்பர் விரிக்கிறேன்ல. உங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாதா?"

அன்றே பழைய கொசுவலையை வெட்டினார்கள். சுரண்டியது கடலில் விழாமல் பிடிக்க, கம்பி வளையத்தை வாயாக வைத்து அவள் ஒரு பை தைத்தாள். முதல் நாள் பை நிறைந்து ஆளையே கீழே இழுத்தது. வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. பை மிதக்க இரண்டு காலி கேன்களைக் கட்டியபிறகு சரியானது. ஒரு கப்பலுக்கு அரைநாள் கூடுதலாகப் பிடித்தது. "என்னய்யா, கப்பலுக்கு ஜட்டி தைக்கிறியா?" என்று மேஸ்திரி கேட்டார். அவசரக் கப்பல்கள் வேறு ஆட்களுக்குப் போயின. அவர் பையை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுரண்டுகிற கரண்டியோடு கழிமுகத்துக்குப் போனார். அவளும் சாக்கோடு போனாள். அண்ணன் ஒரு கோடியில், இவர்கள் மறுகோடியில். கையோடு வந்ததையெல்லாம் சாக்கில் கட்டி, தண்ணீர் எட்டாத மேட்டில் புதைத்தார்கள். மூன்றாவது வாரம், சேற்றில் சளக் சளக்கென்று காலடி கேட்டது. அண்ணன் வந்து நின்று பார்த்தான். கப்பலடி என்று நினைத்துவிட்டார் போல, அவர் தரையை வழித்தெடுத்திருந்தார்.

"மாப்ளே, அது நம்ம மட்டி. அதையும் சேத்துச் சுரண்டாத."

குனிந்து சாக்கிலிருந்து மட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சேற்றில் திரும்ப வைக்க அவரிடம் கொடுத்தான்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. மஞ்சள் கோட்டுச் சிப்பி ஒழியவில்லை, ஒழியாது என்றும் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குச் சேற்றில் மட்டி இருக்கிறது. மீதி வயிற்றுப்பாட்டுக்கு அண்ணன் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறான். துறைமுகத்தில் முங்குகிற ஆறு பேரில் மூன்று பேர் பை கட்டுகிறார்கள். மூன்றையும் தைத்தவள் அவள்தான்.