முத்தட்டும் என்றேன்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தெருவிளக்கு பழுதுபார்ப்பவர். முப்பது வருடம் ஏணி வண்டி மேலே தூக்கிவிடும் தொட்டியில் நின்று, ஊர்க் கம்பங்களோடு குடித்தனம் நடத்தியவர். கால் நீளம் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கொக்கு. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். மீன் எங்கே என்று கேட்டபடி திரும்புவார்.

நான் மருந்துக் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவன். டப்பாக்களைப் படித்துப் படித்தே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக அப்போது எனக்கு ஒரு நினைப்பு. இன்று அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விளக்கின் மூடியைத் திறந்தால் செத்த பூச்சியும் தூசியும் நேராக முகத்தில்தான் கொட்டும். பாதுகாப்புக் கண்ணாடியை அத்தான் நெற்றியில் மாட்டிக்கொள்வாரே தவிர கண்ணில் மாட்டியதில்லை. ஒரு நாள் இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பாக என் கடைக்கு வந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். சொந்தக்காரருக்கு என்ன சீட்டு வேண்டிக்கிடக்கிறது? சாயங்காலமே கண் வெளுத்துவிட்டது. உன் கை ராசியான கை மாப்ளே என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கண்ணுக்கு ஒரு சொட்டு. பாட்டில் தீர்ந்தால் அடுத்தது. நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அக்கா கையால் சாப்பிட்டு வருவேன்.

அவர் வேலையில் விளக்கு வாசிப்பது என்று ஒன்று உண்டு. அந்தி சாய்ந்து விளக்குகள் எரிந்ததும் தெருமுனையில் நின்று வரிசையாகப் பார்த்து, எது அணைந்திருக்கிறது, எது சிமிட்டுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு வருடம் போயிருக்கும். ஒரே தெருவில் பதினோரு கம்பங்களுக்கு நேராக ‘உள்ளே ஈரம்’ என்று எழுதிவிட்டார். கண்ணாடிக்குள் ஈரம் இறங்கினால் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். அவருக்கு வளையம் தெரிந்தது. மறுநாள் ஏறித் திறந்தால் ஒன்றிலும் பொட்டு ஈரமில்லை. அடுத்த வாரம் இருபத்தாறு. அதில் பாதி புத்தம் புதிய விளக்குகள். கொக்குக்குக் கண்ணில்தான் ஈரம் இறங்கியிருக்கிறது என்று தொட்டியை இயக்குகிறவர் கிண்டலடித்தார். அந்த ஒரு ஆள்தான் சரியாகச் சொன்னார். சொன்னது சரி என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம். அவருடைய மூக்குக்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு என்று அக்கா முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். தூக்கம் கெட்டதால் கண் வறண்டிருக்கும் என்று நான் அள்ளிவிட்டேன். எதற்கும் வளையம் போகவில்லை. உள்ளே நீலம், வெளியே சிவப்பு, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது என்று அத்தான் சொன்னார். டாக்டரிடம் காட்டலாமா என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். அந்த வீட்டில் மருந்து விஷயத்தில் என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

"புரைதான்க்கா. வயசானா எல்லாருக்கும் வர்றது. இப்பவே போனா திருப்பி அனுப்பிடுவாங்க. முத்தட்டும், ஒரேயடியா எடுத்துக்கலாம்."

கடைக்கு வருகிறவர்கள் காலங்காலமாகச் சொல்லிக் கேட்ட சொல் அது. முத்தட்டும். காய்க்குச் சொல்வதைக் கண்ணுக்குச் சொன்னேன். அவரும் நம்பி, முத்துவதற்காகக் காத்திருந்தார். பார்வை மங்க மங்க, முத்திக்கொண்டு வருகிறது மாப்ளே என்று நல்ல சேதி போலச் சொல்வார். நானும் தலையாட்டுவேன். காலையில் சொட்டு மருந்தை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குள் இடது தோள் நிலைப்படியில் இடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் கழித்து வாசல் எந்தப் பக்கம் என்று மறந்துபோச்சா என்று அக்கா சிரிப்பாள். ஆறு மாதம் கழித்து ஒரு காலையில், மேலே நின்று திருகுசாவியைத் தொட்டியின் இடது விளிம்பில் வைத்தார். விளிம்பில் என்று அவர் நினைத்தார். வைத்தது காற்றில். அது கீழே நடந்து போன ஒரு பெண்ணின் காலடியில் விழுந்தது. கண் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் இனி ஏறக்கூடாது என்று சூப்பர்வைசர் திருகுசாவியை வாங்கிக்கொண்டார்.

கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். புரையை எடுத்துவிட்டால் மறுபடி ஏறலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். நிதானமாகப் பார்த்தார். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதற்குக் கண் வறட்சியும் காரணமாகலாம், கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடியும் ஆகலாம், புரையும் ஆகலாம் என்றார். இவருக்குப் புரையும் கொஞ்சம் இருக்கிறதாம். அதற்கு முத்தும்வரை காத்திருக்கும் பழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டதாம். ஆனால் வளையத்துக்குக் காரணம் புரை இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, முன்பக்கத் திரை வீங்கியிருக்கிறது. அதே அழுத்தம் பின்னால் பார்வை நரம்பைத் தின்றுவிட்டது. இடது கண்ணில் இனி ஒன்றுமில்லை. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம். போனது திரும்பாது. முதன்முதலில் வளையம் தெரிந்தபோதே வந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

பிறகு, என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றரை வருஷமாக இதுதான் என்று அத்தான் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதைத் திருப்பிப் படித்தார்.

"இதை வாரக்கணக்குல போட்டாலே சில பேருக்கு அழுத்தம் ஏறிடும். ஒன்றரை வருஷமா? யார் எழுதிக் குடுத்தது?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. ஏதோ ஒரு கடையில் வாங்கியிருக்கிறார் என்றேன். எந்தக் கடை என்று தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னேன். அத்தான் கையை நீட்டிப் பாட்டிலைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மதிய வெயில். அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவ்வளவு கோழை நான். அவர்தான் பேசினார்.

"நான் வேற கடைக்குப் போனதே இல்லை மாப்ளே."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

"எனக்குக் கண்ணு போச்சு. அவளுக்குத் தம்பியும் போகணுமா?"

அவரைக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். திருகாணிகளை அளவு பார்த்துப் பிரிக்கிற வேலை. நாலு மாதத்தில் அதுவும் தடவிப் பார்த்துச் செய்ய வேண்டியதாகி, வீட்டோடு வந்துவிட்டார். வலது கண்ணின் மிச்சமும் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. அழுத்தத்தைக் குறைக்கிற மருந்தைக் காலையும் இரவும் நான்தான் போய் ஊற்றுகிறேன். முகத்தை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி என்னோடு பேசுவார்.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், என் தம்பி மட்டும் மருந்துக் கடையில் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ என்பாள். மூன்று வருடமாக நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.