குச்சிக்கு ஊற்றிய முதல் குடம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. தாடிக்கொம்பில் பிறந்த நான், திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துத் தெரு ஒன்றில் வாழ்க்கைப்பட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

தெரு முனையில் ஒரு பெரிய கிணறு. பட்டாளத்துக் கிணறு என்பார்கள். கோட்டையில் நாயக்கர் படை இருந்தது, திப்பு படை இருந்தது, வெள்ளைக்காரன் படையும் இருந்தது. எல்லோரும் போன பிறகு கிணறு எங்கள் தெருவுக்கென்று நின்றது. எந்தக் கோடையிலும் வற்றாது.

அந்த வருஷம் கிணற்றைச் சுற்றியிருந்த இடத்தை நகராட்சிக்காரர்கள் பூங்காவாக்கினார்கள். நல்லதுதானே என்றுதான் நாங்களும் நினைத்தோம். கோட்டையில் கிடந்த துருப்பிடித்த பீரங்கி ஒன்றை மேடை கட்டி ஏற்றினார்கள், சிமெண்டு பெஞ்சு போட்டார்கள். கடைசியில் கிணற்றையும் சேர்த்துக் கம்பிவேலி அடித்துப் பூட்டிவிட்டார்கள்! கேட்டால், பூச்செடிகளுக்குத் தண்ணீர் வேண்டுமாம். மனுஷனுக்கு வேண்டாமா? சித்திரை வெயிலில் தெருப் பெண்கள் குடத்தோடு ஒன்றரை மைல் நடந்தார்கள். என் கணவர் அந்தப் பூங்காவில் தற்காலிகக் குமாஸ்தா. அதனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் காவல்காரர் தினம் இரண்டு குடம் இறைத்துக் கொடுத்துவிடுவார். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

திறப்பு விழாவில் பெரிய அதிகாரி மரக்கன்று நடுவார், புதுப்பெண் ஒருத்தி முதல் குடம் தண்ணீர் ஊற்றினால் மங்களம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அம்மாடி, என்ன பெருமை எனக்கு! பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர். சிரித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"போட்டோ சரியா விழலையாம். இன்னொரு குடம் கொண்டாரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

காவல்காரர் ஓடிப்போய் இறைத்து வந்தார். குடத்தை இடுப்பில் வாங்கும்போதுதான் வேலிக்கு வெளியே பார்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் வெறுங்குடங்களோடு நின்றார்கள். எதிர்வீட்டு அக்கா கைக்குழந்தையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, ஒரு குச்சிக்கு ரெண்டு குடமா? எம்புள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு சொம்புத் தண்ணி இல்ல தாயி" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே வேலிக்கு நடந்தேன். அக்கா தன் குடத்தைக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தாள். நான் ஊற்றினேன். பாதி குடத்தில் விழுந்தது, பாதி மண்ணில் போயிற்று.

"என்னம்மா இது, மரியாதை தெரியாம!" என்று அதிகாரி கத்தினார்.

"இப்ப எடுக்கச் சொல்லுங்க போட்டோவ" என்றேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ!

மறுவாரமே கணவருக்கு வேலை போயிற்று. "செத்த நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான். பூட்டைத் திறந்தார்களா என்றால், எங்கே! ஐப்பசி மழை வரை அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எத்தனையோ படை வந்து போன இடத்தில், கடைசியில் நம் ஆட்களே நமக்குத் தண்ணீரை மறித்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டாவது குடத்தைச் சொல்லித் தெருவில் இன்றும் என்னைப் புகழ்வார்கள். ஆனால் முதல் குடத்தை ஊற்றியபோதும் அந்த அக்கா அங்கேதான் நின்றிருந்தாள், நான் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். பூட்டுப் போட்டவர்கள் மேல் வந்த கோபமாவது ஒருநாள் தணியலாம், என் மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.