எட்டு அடுக்குப் பாவாடை

பிறந்த நாளுக்கு நெட் கவுன் தைக்கச் சொல்லி வருகிறவர்கள் இப்போது அதிகம். எனக்கும் வேலை சுலபம்தான். நைலான் வலைத் துணியைக் கத்தரித்துச் சுருக்கம் வைத்துவிட்டால் போதும், தானாகவே குடை மாதிரி விரிந்து நிற்கும். நனைந்தாலும் தொங்காது. ஆனால் அந்தத் துணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என் மகள் எட்டாவது படித்த வருஷம் நான் தைத்த ஒரு பருத்திப் பாவாடை நினைவுக்கு வந்துவிடுகிறது. அப்படி நிற்க வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா?

அப்போதும் இதே ஆரணி வீடுதான். முன்னறையில் என் தையல் மிஷின், உள்ளறையில் என் வீட்டுக்காரருடைய பட்டுத் தறி. நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். மகள் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாலே இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்வேன். என்ன எழுதியிருக்கிறதோ, என்ன தப்பு செய்தோமோ என்று.

அன்று அவள் கொண்டுவந்தது ஜெராக்ஸ் எடுத்த மூன்று படங்கள். ஆண்டு விழாவில் நூறு வருஷத்துக்கு முன்னால் உலகம் எப்படி ஆடியது என்று ஒரு நிகழ்ச்சியாம். ஒவ்வொரு நாட்டு ஆட்டத்துக்கும் ஒரு பிள்ளை. இவளுக்கு வந்தது பாலே, நுனிக்காலில் நின்று ஆடுகிற வெள்ளைக்காரர் ஆட்டம். நாலு நிமிஷம், தனியாக.

மறுநாள் டான்ஸ் மிஸ்ஸே வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற சின்னப் பெண். படங்களை மிஷின் மேல் வரிசையாக வைத்தார்.

"இது ரொம்பப் பழசுக்கா. கெண்டைக்கால் வரைக்கும் மணி மாதிரி தொங்குது பாருங்க. காலு எப்படி ஆடுதுன்னு ஜனம் பாக்கணும்னு சொல்லி, அப்புறம் முட்டி கிட்ட கொண்டாந்துட்டாங்க. நூறு வருஷம் முன்னாடி இதான், ரெண்டாவது படம். மூணாவது இடுப்புலயே தட்டு மாதிரி நிக்குது இல்ல, அது அதுக்கும் பின்னாடி. டூட்டூன்னு பேரு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப ஏது நைலான்? மெல்லிசு பருத்தித் துணிக்குக் கஞ்சி போட்டு, அடுக்கடுக்கா தைப்பாங்க. ஒரு தபா ஆடினா வேர்வைல தொங்கிடும். அடுத்த ஆட்டத்துக்கு வேற மாத்திப்பாங்க."

"அத்தனையும் யாரு மிஸ் தைச்சாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னே பொம்பளைங்க உட்கார்ந்து தைச்சிகினே இருப்பாங்களாம். ஆடினவங்க பேரு இருக்குது. தைச்சவங்க பேரை யாரு எழுதி வெச்சாங்க?"

எங்கேயோ ஒரு குளிர்ந்த ஊரில், நாளைக்கு இது நிற்குமா தொங்குமா என்று கவலைப்பட்டபடி ஊசி கோத்த ஒருத்தியை அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். நைலான் வேண்டாம், பருத்தியிலேயே தைக்கிறேன் என்று சொன்னது அவளை நினைத்துத்தான்.

மிஸ் போன பிறகு என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். ஒரே வார்த்தைதான்.

"முட்டி தெரிஞ்சா மேடை ஏறக் கூடாது."

முட்டிக்குக் கீழே நாலு விரல் என்று முடிவானது. மிஸ்ஸும் ஒத்துக்கொண்டார். ஆனால் நீளம் கூடினால் கனம் கூடும், கனம் கூடினால் தொங்கும். மகள் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தாள்.

"தொங்கிச்சின்னா உள்பாவாடை கட்டிகினு வந்த மாதிரி இருக்கும். எல்லாம் சிரிப்பாங்க. நான் ஆட மாட்டேம்மா."

அப்பாவுக்கு முட்டி தெரியக் கூடாது, மகளுக்குத் தொங்கக் கூடாது. நடுவில் நான். கடைவீதியில் இருந்ததிலேயே மெல்லிய மல் துணி வாங்கினேன். கஞ்சி போடுகிறேன் என்று அடுப்பு பக்கம் போனபோது அவர் தடுத்தார்.

"பாவுக்குக் கஞ்சி போட்டே வயசாயிப் போச்சி. எனக்கே நீ சொல்லித் தரியா? குடு இப்டி."

தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெருவில் நீளமாகக் கட்டிக் கஞ்சி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதே கழிகளில் என் மல் துணியைக் கட்டினார். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்.

"இன்னாண்ணா, கொசுவலையில பட்டு நெய்யப் போறியா?"

"ஆமாண்டா. உன் பொண்டாட்டிக்குத்தான், முகூர்த்தப் பொடவை."

துணி காய்ந்ததும் எட்டு அடுக்காக வெட்டித் தைத்தேன். விழாவுக்கு முந்தின சாயங்காலம் மகளுக்குக் கட்டிப் பார்த்தால், நனைந்த கோழி மாதிரி தொங்கியது. அவள் அவிழ்த்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். துணியைத் தேய்த்துப் பார்த்தேன். விரல் வழுக்கியது.

"ஏங்க, கஞ்சில எண்ணெ ஊத்தினீங்களா?"

"ஊத்தாம? எண்ணெ இல்லாம எவனாவது கஞ்சி காச்சுவானா? இழை அறுந்துராது?"

பிறகு அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். தறியில் இழை ஒடியாமல் வளைய வேண்டும், அதற்குத்தான் எண்ணெய். பாவாடை வளையவே கூடாது. கை பழக்கத்தில் ஊற்றிவிட்டது.

விடிந்ததும் தைத்த பாவாடையை அப்படியே கொதிக்கிற தண்ணீரில் பூந்திக்கொட்டைத் தூள் போட்டு எண்ணெய் போக இரண்டு முறை அலசினேன். ஜவ்வரிசிக் கஞ்சி கெட்டியாகக் காய்ச்சித் தோய்த்தேன். வெளியே தூறல், வெயிலே இல்லை. பாதி ஈரத்திலேயே இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொரு அடுக்காகக் காய வைப்பதுதான் வழி. பொசுங்கிவிட்டால் மாற்றுத் துணி கிடையாது. அவர் அன்றைக்குத் தறியில் உட்காரவில்லை. கரியை விசிறி விசிறித் தந்தார். நான் ஒரு அடுக்கைத் தேய்க்கும்போது மற்ற ஏழும் அதில் ஒட்டாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று மணிக்குப் பாவாடை தரையில் தானே நின்றது. மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பளம் மாதிரி இருக்குதும்மா" என்றாள். ஆட வருகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவளே தலைசீவ உட்கார்ந்தாள்.

ஆட்டோவில் போகும்போது பாவாடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். பள்ளி வாசலில் இறங்கியதும் அவர் குடையை அதற்கு மேல் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் நனைந்தோம், பாவாடை நனையவில்லை.

அந்த நாலு நிமிஷமும் மேடை ஓரத்தில் நின்றிருந்த நான் மகளைப் பார்க்கவில்லை, பாவாடையைத்தான் பார்த்தேன். பாட்டு ஆரம்பித்தபோது விறைப்பாக நின்றது. பாதியில் பின்பக்கம் இரண்டு அடுக்கு தாழ்ந்தது. கடவுளே, இன்னும் கொஞ்ச நேரம் என்று வேண்டிக்கொண்டேன். பாட்டு முடிந்தது. கைதட்டல். அவள் ஓரத்துக்கு ஓடி வந்தபோது, மழைக் காற்றின் ஈரமும் வேர்வையும் சேர்ந்து எட்டு அடுக்கும் கீழே இறங்கியிருந்தன. அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் கூட்டத்தில் சத்தம் எழுந்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

மிஸ் ஓடி வந்தார். "அக்கா, இன்னொரு தபா கேக்கிறாங்க. அனுப்பட்டா?"

"வேணாம் மிஸ். பாருங்க, சுத்தமா தொங்கிப்போச்சி. புள்ள அழுதுடும்."

மகள் குனிந்து பாவாடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூக்கு நுனி வேர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.

"தள்ளும்மா" என்றாள். மேடைக்கு ஓடினாள்.

இரண்டாம் முறை துணி நிற்கவில்லை. அவள் சுழன்றபோது கூடவே சுழன்று, காலில் சுற்றி, மறுபடி பிரிந்தது. காவல் காக்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதனால் முதல் தடவையாக அவள் ஆடுவதைப் பார்த்தேன். நுனிக்காலில் எழும்பும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் அவரைத் தேடினேன். மூன்றாவது வரிசையில், ஈரச் சட்டையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், உட்காருய்யா, மறைக்குது" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

பாட்டு முடியும் வரை அவர் உட்காரவே இல்லை.