அக்கா திரும்பிப் பார்க்கவில்லை

கீழப்பாவூருக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியை. வீடு தென்காசியில். தினமும் காலையில் பஸ் ஏறிப் போக வேண்டும். அதே பள்ளியில் வேலை பார்க்கிற, என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஆசிரியை ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பல வருஷங்களாக இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், இடப்பக்கத்துச் சீட்டில் சேர்ந்தே போய்வருகிறோம். அக்கா ஜன்னலோரம், நான் வழியோரம். பாவூர்சத்திரம் வருவதற்குள் இரண்டு வீட்டுக் கதையும் பேசி முடித்திருப்போம்.

சில வருஷங்களுக்கு முன்பு, கோடை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, அக்கா ஜன்னலோரம் உட்காரவில்லை. "நீ உள்ள உக்காருட்டி" என்று என்னை ஜன்னல் பக்கம் அனுப்பிவிட்டு வழியோரம் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன்க்கா?"

"சும்மாதான்."

நடந்தது இவ்வளவுதான். ஆனால் என் மனசுக்கு இவ்வளவு போதும். பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டைகளோடு பெண்கள் ஏறுவதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன். அக்காவுக்கு என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. வழியோரம் என்றால் அந்தப் பக்கம் திரும்பி மற்றவர்களோடு பேசிக்கொண்டு வரலாம். அதற்குத்தான் இடம் மாறியிருக்கிறார்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. சாயங்காலம் எங்கள் ஊர்ப் பெரிய கோயில் வாசலில் அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கோபுரத்தடியில் வழக்கம்போலக் காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "அக்கா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பூ விற்கிற அம்மா திரும்பிப் பார்த்தார், அக்கா பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஓடிப் போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. வேண்டுமென்றே திரும்பாத ஒருவரை எதற்குத் தொட வேண்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது. ஆசிரியர் அறையில் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அக்கா சிரிப்பார். சரி, முகத்துக்காகச் சிரிக்கிறார். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கைகூப்புகிற படம் மட்டும் வரும். சரி, பேச்சை முடித்துக்கொள்கிறார். போன் பண்ணினால் எடுப்பதே இல்லை. முன்பு மணிக்கணக்காகப் பேசுகிறவர்.

காரணமும் எனக்குத் தெரிந்திருந்தது. மே மாதத்தில் அக்காவின் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை பேச்சு வந்தது. பையன் பெங்களூரில் வேலை. அக்கா சந்தோஷமாகச் சொன்னபோது, "வெளியூர்லயே இருக்கிற பையன், நல்லா விசாரிச்சீயளா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டினேன். ஒவ்வொரு முறை ஓடும்போதும் என் குரல் இன்னும் கொஞ்சம் விஷமாக இருந்தது. சோற்றில் உப்புப் போட்டேனா என்று தெரியாமல் மறுபடி போட்டேன். கரும்பலகையில் பாதிச் சொல் எழுதிவிட்டு நின்றேன். மத்தியானச் சோறு பாதி டப்பாவிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

என் வீட்டுக்காரர் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிற ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். "அவ்வோ மனசுல என்ன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? கேட்டுத் தொலைட்டி" என்றார். கேட்கிற அளவுக்குத் தைரியம் இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கப் போகிறேன்? கேட்பதற்குப் பதிலாக, கொஞ்சம் முன்னால் போகிற பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். காலையில் வகுப்பறையைக் கூட்டிப் பெருக்க வைக்கிற வேலை இருப்பதாக அக்காவிடம் சொன்னேன். அவர் "சரிட்டி" என்றார். அதையும் சேர்த்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அந்தச் சமயத்தில்தான் தென்காசியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி போட்டார்கள். 'எனக்குக் கணக்கு வராது, எல்லாரும் என்னைக் கேலி பண்ணுதாங்க' என்று ஒடுங்கிப் போகிற பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது என்பது விஷயம். நடத்த வந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொன்னார். என்ன நடந்தது? அதில் நீ சேர்த்தது எது? சில பேருக்குச் சேர்ப்பதே பழக்கமாகிவிடும், சேர்ப்பது தெரியாமலேயே சேர்ப்பார்கள் என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாரோ என்னைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்த கையோடு, அதுவும் நான் சேர்த்ததுதான் என்று உறைத்தது. நாற்காலியில் நெளிந்தேன். என்ன நடந்தது? அக்கா இடம் மாறினார், கூப்பிட்டபோது திரும்பவில்லை, போன் எடுக்கவில்லை. வேறொன்றும் நடக்கவில்லை. வெறுப்பு, கோபம், முகத்துக்குச் சிரிப்பு எல்லாம் நான் போட்டது. அக்கா மட்டுமல்ல, கல்யாணமான புதிதில் மாமியார் கதவை வேகமாகச் சாத்தியதிலிருந்து, சென்னையில் படிக்கிற மகன் 'ம்' என்று மட்டும் பதில் போட்டது வரைக்கும் இதையேதான் செய்துவந்திருக்கிறேன்.

தெரிந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. முன்பு கவலை மட்டும் இருந்தது. இப்போது கவலையும், கவலைப்படுகிறோமே என்ற எரிச்சலும். முன்னால் போகிற பஸ்ஸை நான் விடவில்லை.

சாரல் நன்றாகப் பிடித்த ஒரு சனிக்கிழமை, பள்ளிப் பெண்கள் எல்லாம் சேர்ந்து குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். அக்காவும் வந்தார். வேனில் அவர் முன்னால், நான் பின்னால். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் நல்ல கூட்டம். தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா சுவரோரம் ஒதுங்கி, கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்து நின்றார். நான் குளித்துவிட்டு வெளியே நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று தண்ணீரின் நிறம் மாறியது. கொஞ்சம் செம்மண் கலந்து வந்தது. சத்தம் கூடியது. பெண் போலீஸ் விசில் ஊதி, "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினார். பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா மட்டும் அப்படியே நின்றார்.

"அக்கா! வாங்க அக்கா!"

விசில் மறுபடியும். எங்கள் பள்ளிப் பெண்கள் எல்லாரும் கூப்பிடுகிறோம். அக்கா அசையவில்லை. அப்போது எனக்குள் முதலில் வந்த நினைப்பு எது தெரியுமா? நான் கூப்பிடுவதால்தான் வர மாட்டேன் என்கிறார். அந்த நேரத்திலும் அதுதான் வந்தது. ஆனால் யாரும் ஒரு கோபத்துக்காக ஏறுகிற தண்ணீரில் நிற்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் புரிந்தது. விசில் அவருக்குக் கேட்கவில்லை.

உள்ளே ஓடினேன். தண்ணீர் கணுக்காலை இழுத்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்தபோது அவர் பதறிப் போய்க் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் ஆளில்லாததைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பெண் போலீஸ் இன்னொரு கையைப் பிடிக்க, மூன்று பேரும் வெளியே வந்தோம். "எவ்வளவு நேரமா ஊதுதேன், காது கேக்கலையாம்மா?" என்று அவர் திட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

ஈரத் துணியை மாற்றிவிட்டு, மற்றவர்கள் மங்குஸ்தான் பழத்துக்கு விலை கேட்கப் போனபோது, நாங்கள் இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்தோம். அக்கா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேட்டுத் தொலை என்று வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது.

"அக்கா, எம்மேல கோவமா இருக்கீயளா?"

அவர் முகத்தை என் பக்கம் நன்றாகத் திருப்பி, "என்ன கேக்க?" என்றார். மறுபடி கேட்டேன்.

"எனக்கு என்னட்டி கோவம்? நீதான் வேற பஸ்ல போயிட்ட." டீயைக் கீழே வைத்தார். "வலது காது சுத்தமாக் கேக்கல. இடதும் கொஞ்சம் மந்தந்தான். ஏப்ரல்லேர்ந்தே அப்படித்தான் இருக்கு. மகளுக்கு மாப்பிள்ளை பேசுத நேரத்துல, அம்மாக்காரி செவிடுன்னு வெளிய தெரியவா? அதான் யார்ட்டயும் சொல்லல. பஸ்ல நீ பேசுதது கேக்கணும்னுதான் ஒன்ன ஜன்னலோரம் உக்கார வச்சேன். இடது காது உம்பக்கம் இருக்கும்லா."

என்னைத் தள்ளி வைக்கத்தான் இடம் மாறினார் என்று இரண்டு மாதம் நம்பியிருந்தேன். என் பேச்சைக் கேட்பதற்காக மாறியிருக்கிறார்.

"நீ வேற பஸ்ல போனதும், எங்காது விஷயத்தைக் கண்டுபிடிச்சுட்டா இவ, டீச்சர்கள்ட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பான்னு நெனச்சேன்" என்றார். அவர் பக்கமும் இதே வேலை நடந்திருக்கிறது.

"மாப்பிள்ளையப் பத்திச் சொன்னேனே, அதுக்குத்தான் கோவம்னு நெனச்சேன்க்கா."

"என்ன சொன்ன? எங்காதுல ஒண்ணும் விழலையே."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் விடவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அக்காவின் முகம் சுருங்கியது. "அதெல்லாம் விசாரிக்காமலா இருப்போம்?" என்று கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னார். இரண்டு மாதமாக இல்லாத கோபம் இப்போது வந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கப் பார்த்தேன். என்னைப் பார்த்து அவருக்கும் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் இன்னும் இரண்டு டீ வேண்டுமா என்று கேட்டார். அக்காவுக்கு அது கேட்கவில்லை. நானே சொன்னேன்.

அடுத்த வாரம் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினோம். நரம்பு பாதிப்பு, சீக்கிரமே வந்திருக்க வேண்டும், இனி பழையபடி திரும்பாது, கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார். சீக்கிரமே என்ற சொல்லைக் கேட்டதும், நான் முதல் நாளே ஏன் என்று விடாமல் கேட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு வந்தது. அதை அவரிடம் சொன்னேன். "கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே போன் செய்து காது விஷயத்தைச் சொல்லிவிட்டார். ரெண்டு நாள் அங்கிருந்து சத்தமே இல்லை. மறுபடி ஒன்றாகப் போக ஆரம்பித்த பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கற்பனையிலேயே கல்யாணத்தை நிறுத்தினோம். நிறுத்துவதை நிறுத்தலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, திரும்பவும் நிறுத்தினோம். அப்புறம் சம்பந்தியம்மா போன் செய்து நிச்சயதார்த்தத்துக்கு இங்கிருந்து எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார். காதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எனக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் வருகிறது. வரும்போது சேர்ப்பது நான்தான் என்று தெரிகிறது, அவ்வளவுதான். போன வாரம் தலைமையாசிரியை என்னை வராந்தாவில் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். முதல் பீரியட் முழுக்க மனசு ஓடியது. இடமாற்றம், புகார், யாரோ கோள்மூட்டிவிட்டது என்று எல்லா ஊருக்கும் போய்வந்தது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

"மேடம், எம்மேல ஏதாவது வருத்தமா?"

"ஆமா" என்றார் அவர். "ஆண்டு விழாவுக்கு ஒங்க வகுப்புப் பிள்ளைகள் பேரு இன்னும் வரல. எத்தனை தடவை கேக்கது? எல்லாரும் குடுத்தாச்சு."

உண்மையிலேயே கோபமாகத்தான் இருந்தார். நன்றாகவே திட்டினார். நான் நின்று கேட்டுக்கொண்டேன். வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் யார் ஆடுகிறீர்கள், யார் பாடுகிறீர்கள் என்று கேட்டு, மணி அடிப்பதற்குள் பெயர்களைக் கொடுத்தனுப்பினேன். காது சுட்டது, அவமானமாகவும் இருந்தது. ஆனால் மத்தியானம் டப்பாவைத் திறந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.